மொதல்ல கட்டுத்தறியைப் பாருலே

வாலே பேராண்டி. முத்தத்துல நின்னுக்கிட்டு அந்தப் போனை வானத்துக்குத் தூக்கித் தூக்கிக் காட்டுதியே, நீ சூடந்தான் காட்டுதன்னு நெனச்சு உங்க ஆச்சி அடுப்படியில கன்னத்துல போட்டுக்கிட்டு நிக்கா.

என்னது, நெட் வரலையா? எங்க போறேன்னு சொல்லிட்டுப் போச்சு?

சிரிக்காதலே. நாப்பது வருசம் மாட்டுத் தரகு பாத்தவன் கேக்கேன். எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தை, மேலப்பாளையத்துச் செவ்வாக்கிழமைச் சந்தை, ரெண்டுலயும் என் துண்டுக்குள்ள விரல் நீட்டாத யாவாரி கிடையாது. "மாட்டைக் காணும்"னு என்கிட்ட வந்து அழுதவன் நூறு பேரு இருப்பான். அத்தனை பேரும் மொதல்ல எங்க ஓடிருப்பான்னு நெனைக்க? பத்து மைலுக்கு அந்தப் பக்கம் இருக்குத, மாடு அடைக்குத பவுண்டுக்கு. இல்லேன்னா குறி சொல்லுதவ வீட்டுக்கு. நான் ஒன்னே ஒன்னுதான் கேப்பேன்: கட்டுத்தறியைப் பாத்தியா? முளைக்குச்சி நிக்கா, கயிறு அவுந்திருக்கா, அத்திருக்கா? பாதி மாடு தொழுவுக்குப் பின்னால நின்னு அவன் வைக்கோலையே தின்னுக்கிட்டு இருக்கும்.

நீயும் அதே ரகந்தான். எந்திரிச்ச உடனே கம்பெனிக்காரனுக்குப் போனைப் போட்டு, ஒன்னை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு அவன் சொல்லுததை எல்லாம் அமுக்கிட்டு, கடைசியில அவன் வச்ச பாட்டைக் கேட்டுக்கிட்டு அரை மணி நேரம் நின்ன. உக்காரு இங்ஙன.

எனக்கு என்ன தெரியும்னு பாக்காத. உங்க அக்கா கோவில்பட்டி பாலிடெக்னிக்ல பாடம் எடுக்காள்லா. 2020 அடைப்புல இந்தத் திண்ணையில உக்காந்துதான் நெட்வொர்க் பாடம் நடத்துனா. அந்தப் பக்கம் அறுபது பிள்ளைக. கேமராவையும் அணைச்சு, மைக்கையும் அணைச்சு, கண்ணையும் அணைச்சுக்கிட்டானுக. இந்தப் பக்கம் நானும் நம்ம ஆடு கருப்பியும். முழுப் பாடத்தையும் முழிச்சிருந்து கேட்டது நாங்க ரெண்டு பேருதான். கருப்பி ஒருநாள் அவ குறிப்பெழுதுன நோட்டையே தின்னுட்டா. அவளுக்குப் பாடம் உள்ள இறங்கின அளவுக்கு உனக்கு பி.இ.யில இறங்கியிருந்தா இன்னைக்கு இந்தச் சூடம் காட்டுத வேலை இருந்திருக்காது.

சரி, கட்டளை எழுதுத அந்தக் கருப்புத் திரையைத் திற. பிங்னு ஒன்னு இருக்குல்லா, அமெரிக்காவுல மைக் மூஸ்னு ஒரு ஆளு 1983 டிசம்பர்ல எழுதுனது. பெரிய வித்தை ஒன்னுமில்ல. "ஏய், இருக்கியா?"ன்னு ஒரு சத்தம் குடுக்கும். "இருக்கேன்"னு பதில் வருதா, வந்தா எத்தனை நேரத்துல வருதுன்னு பாக்கும். மொதல்ல 127.0.0.1ஐக் கூப்பிடு. அது யாருன்னு முழிக்காத, நீயேதான். உன் தொடையை நீயே கிள்ளிப் பாக்குத மாதிரி. பதில் வருதா? அப்போ உனக்கு உயிர் இருக்கு. சந்தோசம்.

அடுத்து 192.168.1.1. அது உள்ரூம்ல இருக்குத ரூட்டர் பெட்டி. கூப்பிடு. வருது, ஆனா ஒன்னு வருது, ஒன்னு வரல, ஒன்னு தாமதமா வருதா? வராம என்ன செய்யும்! பெட்டியை எங்க வச்சிருக்க? இரும்பு பீரோவுக்கும் எவர்சில்வர் தண்ணிக்குடத்துக்கும் நடுவுல, தரையில. தூசி படியுமாம், உங்க ஆச்சி மேல ஒரு பழைய துண்டையும் போத்தி வச்சிருக்கா. அருமையான இடம்லே. வைஃபை அலை இரும்பைக் கண்டா முகத்துல அறை வாங்கின மாதிரித் திரும்பிரும். தண்ணியைக் கண்டா அதுலயே முங்கிரும். ரெண்டையும் ரெண்டு பக்கமும் காவலுக்கு நிறுத்தியிருக்க. இன்னும் பாதுகாப்பு வேணும்னா பெட்டியைத் தூக்கிக் குடத்துக்குள்ளயே போட்டுரு, ஒரு பய திருட முடியாது. டி.வி.யை மட்டும் நடு வீட்டுல ஒசரமா சாமி கணக்கா ஏத்தி வச்சிருக்கீக. அந்த இடம் இந்தப் பெட்டிக்குல்லா!

இன்னொன்னு கேளு. அந்தப் பெட்டிக்கு ரெண்டு குரல். 2.4 கிகாஹெர்ட்ஸ் கட்டைக் குரல், சுவரைத் தாண்டிப் போகும், வேகம் கம்மி. 5 கிகாஹெர்ட்ஸ் கீச்சுக் குரல், வேகமாப் பேசும், ஒரு கல்லுச் சுவர் குறுக்க வந்தாத் தொண்டை அடைச்சிரும். நம்ம தாத்தா கட்டுன சுவரு ரெண்டு அடி கனம். நீ 5ல சேந்துக்கிட்டு அடுத்த ரூம்ல படுத்துக் கிடந்தா யாரைக் குத்தம் சொல்ல?

வைஃபைல ஒரு சட்டம் உண்டு, ஒரு நேரத்துல ஒருத்தன்தான் பேசணும். இது ஹவாய்த் தீவுக்காரங்க கிட்ட இருந்து படிச்சது. நார்மன் ஆப்ராம்சன்னு ஒரு வாத்தியாரு, 1971ல, கடலுக்கு நடுவுல தீவு தீவாக் கிடந்த கம்ப்யூட்டரை ரேடியோவுல இணைச்சாரு. அலோகாநெட்னு பேரு. ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசி முட்டிக்கிட்டா, ரெண்டு பேரு சேதியும் கெட்டுப் போகும். ஆளுக்கு ஒரு கணக்கில்லாத நேரம் பொறுத்து, மறுபடி பேசணும். ஒரே அளவு பொறுத்தா மறுபடியும் முட்டிக்கிருவாங்கல்லா, அதுக்குத்தான் அந்தக் கணக்கில்லாத நேரம். அதுக்கப்புறம் 1973ல ராபர்ட் மெட்காஃப்னு ஒருத்தரு வயர்ல ஈதர்நெட் கொண்டாந்தாரு. பேசும் முன்னால வேற எவனும் பேசுதானான்னு காது குடுத்துக் கேளுன்னு சேத்துக்கிட்டாரு. நம்ம ஊரு பஞ்சாயத்துக் கூட்டத்துல இந்த ரெண்டு சட்டத்தையும் போட்டுப் பாக்கணும்னு எனக்கு ஆசை. உங்க பெரிய தாத்தா எந்திரிச்சா மத்தவனுக்கு அலையே மிஞ்சாது.

இப்போ உன் போனுக்கு ரெண்டு அடையாளம் இருக்கு, கவனி. கருப்பி காதுல மஞ்சத் தோடு தொங்குதுல்லா, கால்நடை டாக்டர் மாட்டுனது. அதுல 12 எண்ணு. எந்தச் சந்தைக்குப் போனாலும் எவன் வாங்கினாலும் அது மாறாது. போனுக்கும் அதே மாதிரி 12 எழுத்துத் தோடு உண்டு, மேக் அட்ரஸ்னு பேரு. முன்பாதி எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு சொல்லும், பின்பாதி அதுல எத்தனாவது உருப்படின்னு சொல்லும். ரெண்டாவது அடையாளம் ஐ.பி. அது இன்னைக்கு எந்தத் தொழுவுல கட்டியிருக்குன்னு சொல்லுதது. தொழுவு மாறினா அதுவும் மாறும். ஆனா இப்போ வர்ற போன் எல்லாம் வீட்டுக்கு ஒரு தோடை மாத்திக் காட்டுதாம், பின்னாலயே வேவு பாக்கக் கூடாதுன்னு. இதைக் கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கொம்பு சீவி, மை தடவி, கிழட்டு மாட்டைக் காளையாக்கி வித்த பரம்பரைலே நாம.

ஐ.பி.யைக் குடுக்குதது யாரு? நம்ம பெட்டிதான். சந்தை வாசல்ல சுங்கச் சீட்டுக் கிழிப்பாங்கல்லா, அதே மாதிரி. இன்னைக்கு இந்த எண்ணு உனக்கு, கெடு முடிஞ்சதும் புதுப்பிச்சுக்கோன்னு. சில நேரம் உன் எண்ணு 169.254ன்னு ஆரம்பிக்கும். அப்படின்னா சீட்டுக் கிழிக்குதவனைக் காணும்னு அர்த்தம். மாடே தனக்குத்தானே சீட்டு எழுதி ஒட்டிக்கிட்டு நிக்குது. அதை வச்சுச் சந்தைக்குள்ள நுழைய முடியாது.

இந்த 192.168 இருக்கே, அது உன் பெட்டிக்கு மட்டும் சொந்தம்னு நெனச்சிராத. நம்ம தெருவுல பாதி வீட்டுல இதே எண்ணுதான். எல்லா வீட்டுக் கிணத்தடிக்கும் கிணத்தடின்னுதானே பேரு? உள்ளுக்குள்ள புழங்க அது போதும். வெளிய போகணும்னா பெட்டி தன் பேரைப் போட்டு அனுப்பும். கோயில் கொடைக்கு வந்த பேரன் பேத்திக அத்தனை பேருக்கும் உங்க ஆச்சி வாசல்ல நின்னு வாங்குவாள்லா, அந்தக் கணக்கு. மிட்டாய்க்காரனுக்கு ஆச்சியைத் தவிர யாரையும் தெரியாது. எவன் சவ்வு மிட்டாய் கேட்டான், எவ சேவு கேட்டான்னு ஆச்சிக்குத்தான் ஞாபகம். எதுக்கு இந்த ஏற்பாடு? எண்ணு பத்தல. மொத்தமே 429 கோடிதான். 2011 பிப்ரவரி 3ஆம் தேதி கையிருப்புல இருந்த கடைசிக் கட்டையும் பங்கு வச்சுக் குடுத்து முடிச்சாச்சு. இப்போ புதுசா ஒன்னு வந்திருக்கு, ஐ.பி. ஆறாம் பதிப்பு. அதுல இருக்குத விலாசத்தை எண்ணி எழுதினா 39 இலக்கம் வருமாம். நம்ம ஆளு சும்மா இருப்பானா, தொழுவுல ஒவ்வொரு மாட்டுக்கும், மாட்டுல ஒவ்வொரு உண்ணிக்கும் ஒன்னு வாங்கிருவான்.

சரி, மூணாவது சத்தம். 8.8.8.8னு கூப்பிடு. அது கூகுள்காரன் வெளிய வச்சிருக்குத ஒரு வாசல்.

பதில் இல்லையா? மறுபடி கூப்பிடு. இல்லையா? நல்லது. நல்லதுன்னுதான் சொல்லுதேன். நீ உயிரோட இருக்க, பெட்டி உயிரோட இருக்கு, பெட்டிக்கு அந்தப் பக்கம்தான் அத்திருக்கு. ஒரு நாழிகை முந்தி வரைக்கும் உலகம் பூரா உனக்குச் சந்தேகம். இப்போ வாசப்படிக்கு அந்தப் பக்கம் மட்டும்தான். கருப்பி, அங்ஙன என்னத்தலே மெல்லுத, சும்மா நில்லு! நீ இங்க பாரு.

அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோ. நீ உங்க சித்திக்கு ஒரு போட்டோ அனுப்புத. அது முழுசாப் போகும்னு நெனைக்க. போகாது. 3 எம்.பி. படம்னா ஏறக்குறைய 2,000 துண்டு. ஒரு துண்டு 1,500 பைட்டுக்கு மேல போகக் கூடாது. கிடை ஆட்டுக்கு முதுகுல சாயக்குறி வைப்பாங்கல்லா, அது மாதிரி ஒவ்வொன்னுக்கும் ஒரு எண்ணு. ஒன்னு இந்த வழியில போகும், ஒன்னு அந்த வழியில போகும், முந்திப் போனது பிந்திச் சேரும். அங்க இருக்குதவன் எண்ணிப் பாத்து வரிசையா நிறுத்துவான். "17ஆம் ஆட்டைக் காணும்"னா இவன் இன்னொரு 17ஐ அனுப்புவான். எனக்கு இதுலதான் வயித்தெரிச்சல். நம்ம கிடையில ஒரு ஆடு போச்சுன்னாப் போச்சு. இவனுக்கு அசல் வீட்டுலயே கட்டிக் கிடக்கு, நகல்தான் நடந்து போகுது. வீடியோ கால்ல மட்டும் தொலைஞ்சதைத் தேட மாட்டான். தேடிக்கிட்டு நின்னாப் பந்தி முடிஞ்சு போகும். அதனாலதான் உங்க சித்தி வாயைத் திறந்தபடி உறைஞ்சு நிக்கா. அவ வாயை மூடி நான் பாத்தது அந்த நேரத்துல கூட இல்ல.

இந்தத் துண்டு போடுத யோசனை அமெரிக்காவுல பால் பாரனுக்கும் இங்கிலாந்துல டொனால்ட் டேவிஸுக்கும் 1960கள்ல தனித்தனியாத் தோணியிருக்கு. 1969 அக்டோபர் 29 ராத்திரி லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்குக்கு நெட்டோட முதல் சேதி. 'லாகின்'னு அஞ்சு இங்கிலீசு எழுத்து. 'எல்' போச்சு, 'ஓ' போச்சு, 'ஜி'க்கு அங்கிட்டு இருந்த மெஷின் படுத்துருச்சு. பிறந்து வாயைத் திறந்த மொத வார்த்தையிலயே விக்கின பிள்ளை இது. இன்னைக்கு நெட் வரலன்னு நீ அதிசயப்படுத. அது வருததுதான்லே அதிசயம்.

ஏன்னா அந்தத் துண்டுக்கு முழு வழியும் தெரியாது. வழியில நிக்குத ரூட்டருக்கும் தெரியாது. நாங்க மாட்டை ஓட்டிக்கிட்டுப் போகையில வழி கேப்போம். கேட்டவன் மதுரை வரைக்குமா சொல்லுவான்? "அந்தா நிக்குதுல்லா ஒத்தப்பனை, அதுக்குக் கிழக்க திரும்பு, அங்ஙன ஒருத்தன் பதநி இறக்கிக்கிட்டு இருப்பான், அவன்கிட்டக் கேளு." அம்புட்டுதான். அவன் இன்னொருத்தனைக் காட்டுவான். உலகம் பூரா நெட்டு இப்படித்தான் நடக்கு. மேல உக்காந்து எல்லாத்தையும் பாத்து ஓட்டுத மவராசன் ஒருத்தனும் கிடையாது. ஒவ்வொருத்தனுக்கும் அடுத்த கை தெரியும், அவ்வளவுதான்.

அப்போ ஒருத்தன் தப்பா வழி சொன்னா? சொல்லியிருக்கான். 2008 பிப்ரவரி 24ல பாகிஸ்தான்ல யூடியூப்பைத் தடுக்கணும்னு அந்த நாட்டுக்குள்ள மட்டும் ஒரு பொய் வழி போட்டாங்க. அந்தப் பொய் வேலி தாண்டி வெளிய வந்து, "யூடியூப்புக்கு எங்க வழியாத்தான் போகணும்"னு ஊரு உலகத்துக்கெல்லாம் பரவிருச்சு. ரெண்டு மணி நேரம் போல உலகத்துல பெரும்பகுதிக்கு யூடியூப் இல்ல. "திருச்செந்தூருக்கு என் கடை வழியாத்தான் பாதை"ன்னு ஒரு டீக்கடைக்காரன் சொல்லப் போயி, பாதயாத்திரைக் கூட்டம் மொத்தமும் அவன் பாய்லர் மேல ஏறி விழுந்த கதை.

வழி தப்பினது சுத்திக்கிட்டே திரியாம இருக்கவும் ஒரு ஏற்பாடு உண்டு. கிளம்பும்போது ஒவ்வொரு துண்டு நெத்தியிலயும் ஒரு எண்ணு எழுதி விடுவாங்க, 64ன்னு வச்சுக்கோ. ஒவ்வொரு சாவடியிலயும் ஒன்னு குறையும். பூஜ்யம் ஆனா அங்கயே கதை முடிஞ்சது. முடிச்சவன், "உன் மாடு என் சாவடியில செத்துருச்சு"ன்னு அனுப்புனவனுக்கு ஒரு கடுதாசி போடுவான். இதை வச்சு ஒரு தந்திரக்காரன் என்ன செஞ்சான் தெரியுமா? வேணும்னே 1ன்னு எழுதி ஒன்னு, 2ன்னு எழுதி ஒன்னு, 3ன்னு எழுதி ஒன்னு அனுப்பினான். ஒவ்வொரு சாவடியில இருந்தும் சாவுக் கடுதாசி வரும். கடுதாசி போட்டவன் பேரை வரிசையா எழுதினா முழு வழியும் தெரிஞ்சு போச்சு. ட்ரேஸ்ரூட்னு அதுக்குப் பேரு. அவன் மட்டும் தரகுக்கு வந்திருந்தா நான் கடையைக் கட்டியிருப்பேன்.

இதெல்லாம் ஆகாசத்துல போகுதுன்னு நீ வேற மேல பாத்துக்கிட்டு நின்ன. கீழ பாரு. முடி கனத்துக்குக் கண்ணாடி இழை, அதுக்குள்ள வெளிச்சம் ஓடுது, நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர். சென்னையில இருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கு அடியில 2002ல போட்ட கேபிள் 3,200 கிலோமீட்டர் போல நீளம். கூப்பிட்டுப் பதில் வாங்க ஒரு நொடியில 30ல ஒரு பங்கு நேரம். அந்தமானுக்கு 2020 ஆகஸ்ட்ல தொறந்தாங்க, 2,300 கிலோமீட்டர் போல. 2008 சனவரி கடைசியில எகிப்துல அலெக்சாந்திரியா பக்கம் கடல் கேபிள் அத்துப்போயி இந்தியாவுல நெட்டு நொண்டிப் போச்சு. அங்ஙன கயிறு அத்துப்போனா இங்ஙன தொழுவு ஆட்டங்காணும்.

நாலாவது சத்தம் இன்னைக்குத் தேவைப்படல. ஆனாலும் தெரிஞ்சுக்கோ. 8.8.8.8 பதில் சொல்லும், ஆனா பேரு சொல்லிக் கூப்பிட்டா வராது, அப்படி ஒரு நோவு உண்டு. நம்ம ஊருல வெளியாளு வந்து 'சுப்பையா வீடு எது'ன்னு கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டான். ஒத்தக்கடுக்கன் வீடுன்னாச் சின்னப்பிள்ளை கூட்டிட்டுப் போகும். மனுசனுக்குப் பேரு வேணும், மெஷினுக்கு எண்ணு வேணும். ஆரம்பத்துல பேரு ஒருபக்கம், எண்ணு ஒருபக்கம்னு ஒரே ஒரு பேரேடு. எலிசபெத் ஃபெயின்லர்னு ஒரு அம்மா தன் ஆளுகளோட அமெரிக்காவுல பாத்துக்கிட்டாங்க. கூட்டம் பெருத்ததும் பேரேடு தாங்கல. 1983ல பால் மொக்காபெட்ரிஸ் அதைக் கிளை கிளையாப் பிரிச்சு விட்டாரு. உச்சியில இருக்குதவன் "புள்ளி இன்-ஆ? அவன்கிட்டப் போ"ம்பான். அவன் இன்னொருத்தனைக் காட்டுவான். அவன்தான் எண்ணைச் சொல்லுவான். பேருக்கு வராம எண்ணுக்கு வந்துச்சுன்னா, ஆளு வீட்டுலதான் இருக்கான், வீட்டைக் காட்டுதவன்தான் தூங்குதான்னு தெரிஞ்சுக்கோ.

இப்போ என் தொழிலுக்கு வாரேன். ரெண்டு கம்ப்யூட்டர் பேச ஆரம்பிக்கும் முன்னால கை குலுக்குமாம், மூணு தடவை. "பேசலாமா?" "பேசலாம், நான் சொல்லுதது உனக்குக் கேக்கா?" "கேக்கு." அதுக்கு அப்புறம்தான் யாவாரம். இதை உங்க அக்கா பெரிய அதிசயமாச் சொன்னா. நான் துண்டை எடுத்துக் காட்டினேன். சந்தையில சுத்தி ஐம்பது பேரு நிப்பான். நான் யாவாரி கையைப் பிடிச்சு மேல துண்டைப் போடுவேன். எத்தனை விரலைப் பிடிக்கேன், எத்தனை தடவை அமுக்குதேன்ங்கிறதுதான் விலை. வாய் என்னமோ மழையைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கும். பாக்குதவனுக்குத் துண்டு ஆடுதது தெரியும், விலை தெரியாது. உன் ஃபோன்ல பூட்டுப் படம் போட்ட விலாசம் வருதுல்லா, அது இந்தத் துண்டுதான்.

எங்களுக்காவது கை பிடிக்க ஆளு பக்கத்துல இருக்கணும். டிஃபி, ஹெல்மன்னு ரெண்டு பேரு 1976ல துண்டே இல்லாமச் செஞ்சுட்டானுக. முன்னப்பின்ன பாக்காத ரெண்டு பேரு, சந்தைக்கு நடுவுல எல்லாரும் கேக்கும்படியா எண்ணைக் கத்திக் கத்திச் சொல்லி, கடைசியில அவுக ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசிய எண்ணுக்கு வந்து சேரலாம். கேட்டுக்கிட்டு நிக்குதவனுக்கு ஒரு மண்ணும் விளங்காது. இதைக் கேட்ட அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

ஆனா ஒன்னு, இது நாப்பது வருசத் தரகன் சொல்லுதது. துண்டு விலையைத்தான் மறைக்கும். துண்டுக்குள்ள இருக்குத கை யோக்கியன் கையான்னு துண்டு சொல்லாது. நான் துண்டுக்குள்ள வச்சு வித்த மாட்டுல பாதி மாடு வாங்கினவன் வீட்டுக்குப் போன மறுநாள்தான் உதைக்க ஆரம்பிச்சது. போன மாசம் பூட்டுப் படம் இருக்கேன்னு நம்பி எவனோ ஒருத்தன்கிட்ட செருப்புக்குப் பணத்தைக் கட்டினியே, செருப்பு வந்துச்சா? பூட்டு அவனோட நீ பேசுனதை அடுத்தவன் ஒட்டுக் கேக்காமத்தான் பாத்துக்கிட்டது. நெட்டு குடுக்குதவனுக்கும் நீ என்ன பேசினன்னு தெரியாது, யாரு கையைப் பிடிச்சிருக்கன்னு மட்டும் தெரியும். சந்தையில எனக்கு எதிரி தரகனும் அதைத்தான் பாத்துக்கிட்டே நிப்பான்.

அப்புறம் நீ கட்டுத காசு. 100 எம்.பி. வேகம்னு சொன்ன, படம் இறங்கும்போது 12ஐத் தாண்டலன்னு அழுத. தாண்டாதுலே. அவன் எழுதுதது பிட்டு, உன் திரையில தெரியுதது பைட்டு. 8 பிட்டு ஒரு பைட்டு, 8 ஆழாக்கு ஒரு படி. நூறை எட்டால வகுத்துப் பாரு, பன்னெண்டரை. "காலையில பன்னெண்டு, சாயங்காலம் பன்னெண்டு கறக்கும்"னு சொல்லி ஒரு தரகன் ஒரு பசுவை வித்தான். வாங்கினவன் படின்னு நெனச்சான். தரகன் ஆழாக்குன்னு சொல்லலையே தவிர, படின்னும் சொல்லலையே! அந்தத் தரகன் பேரை மட்டும் கேக்காத. அதோட விளம்பரத்துல '100 வரை'ன்னு போட்டிருப்பான். அந்த 'வரை' இருக்கே, அதைக் கண்டுபிடிச்சவன் காலைத் தொட்டுக் கும்பிடணும்.

சரி, எந்திரி. உள்ள போயி அந்தப் பெட்டியில 'எல்.ஓ.எஸ்.'னு எழுதியிருக்குத விளக்கைப் பாரு. சிவப்பா முழிக்கா? முழிக்குமே. கண்ணாடி இழையில வெளிச்சம் வரலன்னா அது அப்படித்தான் முழிக்கும். கட்டுத்தறி, கயிறு, முளைக்குச்சின்னு இம்புட்டு நேரம் சொன்னேனே, அந்தப் பெட்டியில இருந்து வயரு எப்படி வெளிய போகுதுன்னு ஒருதரம் பாத்தியா? சன்னல் வழியா இறங்கி, தொழுவு ஓரமா, தரையோட தரையா.

ஆமா, கருப்பி வாயில தொங்குதது அதுதான்.

எனக்கு எப்பத் தெரியுமா? காலையில ஆறு மணிக்கே தெரியும். அந்த வயர்காரப் பையனுக்கும் அப்பவே போன் பண்ணிட்டேன், வேப்பமரத்தடியில பேசுத அளவுக்கு ஒத்தக் கோடு இருக்கு. பன்னெண்டு மணிக்கு வாரேன்னான். அதுவரைக்கும் எனக்கும் பொழுது போகணும்லா. முறைக்காத. போயி அது வாயைத் தொறந்து கண்ணாடித் துணுக்கு ஒட்டியிருக்கான்னு பாரு, பல்லுல கையைக் குடுத்துராத. பையன் வந்ததும் புது வயரைச் சன்னலுக்கு மேல ஓடு ஓரமா ஏத்திக் கட்டச் சொல்லு. சன்னலுக்குக் கீழ ரெண்டு ஆடாதொடைக் கம்பு ஊனலாம்னு ஒடிச்சு வச்சிருக்கேன், அந்த மம்பட்டியை எடுத்துட்டு வா.